ரயில் மறிச்ச அம்மன்

வெய்யில்ல நிக்காதீங்க அம்மிணி, இப்படி ஷட்டர் பக்கமா வந்து உக்காருங்க. வரிசை இப்பத்திக்கு நகராதுங்க. அலங்காரத்துக்குத் திரை போட்டுட்டாங்க. பூசாரி நாச்சிமுத்து திரை போட்டார்னா நாம ஒரு தூக்கம் தூங்கி எந்திரிக்கலாம். செருப்பை இங்கயே உடுங்க. நாந்தான் செருப்புக்கு. டோக்கன் எல்லாம் வேண்டாம், உங்க மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்கும்.

கையில மடிச்சு வெச்சிருக்கறது நோட்டீசுங்களா? மறைக்காதீங்க, இங்க வர்றவங்கள்ல பாதிப்பேரு அதைத்தான் கொண்டாறாங்க. உங்களுக்கு என்ன, ரோடா, ரயிலா? பைபாஸ் பாலமா. எதுவரைக்கும் எடுக்கறாங்க? சமையக்கட்டு வரைக்குமா. அடக் கெரகமே. செவுத்துல செகப்பு பெயிண்ட்ல நம்பர் போட்டுட்டுப் போயிருப்பாங்களே. ம். அந்த நம்பரைப் பாத்துட்டா அன்னைக்குச் சோறு எறங்காது. எனக்குத் தெரியுமுங்க.

நீங்க சாஞ்சு உக்காந்திருக்கறீங்களே, இது எங்க மில்லுங்க. மாவு மில்லு. மொளகா, மல்லி, சீயக்கா, கம்பு, ராயி எல்லாம் அரைப்போம். எங்க மாமனார் போட்டது. மெசினு உள்ளதான் இருக்குது, சாக்கு போட்டு மூடி வெச்சிருக்குது. அது ஓடி நாளாச்சு. ஏன் ஓடலைன்னு கேக்கறீங்களா? சொல்றேன், உங்களுக்கும் பொழுது போகோணும். ஆனா நான் சொல்றதை வரிசையில போயி யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. சொன்னாலும் நம்ப மாட்டாங்க, அது வேற விசயம்.

டவுனுக்கு ரயிலு வருதுன்னாங்க. பெரிய ரயிலு இல்லீங்க, டிராமுன்னு பேரு. ரோட்டு மேலயே தண்டவாளம் போட்டு, பஸ்ஸு போறாப்பல அது பாட்டுக்குப் போகுமாமா. படத்துல பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளையா, பெரிய பெரிய கண்ணாடி ஜன்னலோட, உள்ள உக்காந்திருக்கறவங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டு. நம்ம டவுன் பஸ்ஸுல போறவன் எவன் சிரிக்கறான்? நானும் மொதல்ல சந்தோசந்தான் பட்டேன். அப்பறம் பாத்தா ஸ்டேசனு எங்க வாசல்ல. ரோட்டை அகலம் பண்ணி நடைமேடை கட்டோணும்னு எங்க செவுத்துலருந்து உள்ளுக்கு அளந்துட்டாங்க. ஊட்டை ஒண்ணும் பண்ண மாட்டோம், முன்னாடி கொஞ்சந்தாங்கம்மா எடுப்போம்னாங்க. கொஞ்சந்தான். அந்தக் கொஞ்சத்துலதான் மில்லு இருக்குது. பின்னாடி இருக்கறது படுக்கற ரூமும் சமையக்கட்டும். அங்க வெச்சு மொளகா அரைக்க முடியுமுங்களா?

என்ற ஊட்டுக்காரருக்கு வேற தொழில் தெரியாதுங்க. நாலு பேருகிட்டப் பேசத் தெரியாது, ஒரு எடத்துக்குப் போயி நின்னு ஒண்ணு கேக்கத் தெரியாது. மில்லு ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறான், அவம்பாடே அவனுக்குப் பெரும்பாடு. மில்லு போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் என்ன பண்றது சொல்லுங்க. எனக்கு அது ஒண்ணுதாங்க. டிராம் வரட்டும், ஏரோப்ளேன் வேணும்னாலும் வரட்டும், மில்லு போகக்கூடாது.

தெருவுல சங்கம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. எதுத்த வரிசையில மாடி ஊடு, குப்புராஜுன்னு, ஏதோ கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவர், அவருதான் தலைவர். அவரு செலவைப் பத்திப் பேசுவார். இத்தனை கோடியைக் கொட்டி பொம்மை ரயிலு உடறதுக்கு, ஊருக்குக் குடிக்கத் தண்ணி உடுங்க, சாக்கடையைத் தூர் வாருங்கன்னு பேசுவார். கோடிக்கு எத்தனை சைபருன்னு போர்டுல எழுதிக் காட்டுவார். கேக்கறதுக்கு நல்லா இருக்குமுங்க. கூட்டம் முடிஞ்சு வெளிய வந்தா ஒவ்வொருத்தரா என்ற பக்கத்துல வந்து பொட்டாட்டக் காதோட சொல்லுவாங்க, டிராம் வரட்டுமுங்க ராசாமணி அக்கா, ஸ்டேசனு மட்டும் அடுத்த தெருவுல வந்தாப் போதும்னு. செலவு செலவுன்னு கத்துனவங்கதான். அடுத்த தெருவுல வந்தா செலவு கொறைஞ்சிருமுங்களா? நான் கேக்கலை. எனக்கும் அதுதானே வேணும்.

கல்யாண மண்டபத்துல கருத்துக் கேப்புக் கூட்டம்னு வெச்சாங்க. ஒரு ஆபீசரு வந்தார், நல்ல மனுசன், எல்லாத்துக்கும் தலையாட்டுனார். டீயும் பிஸ்கட்டும் குடுத்தாங்க. நானும் மைக்கைப் புடிச்சேன். எங்க மில்லு போயிருமுங்க ஐயான்னேன். நஷ்ட ஈடு கெடைக்குமுங்கம்மா, வேற எடத்துல மில்லு வெச்சுக்கலாமேன்னார். வேற எந்த எடத்துலங்க? மொளகா மில்லு வருதுன்னா எந்தத் தெருக்காரன் உடுவான்? தும்மலு வருது, சத்தம் வருதுன்னு பெட்டிசன் போட மாட்டானா? அடுத்தவங்களுக்கு ஒரு பொழப்பு வேணும்னு நெனைக்கற சனம் எங்க இருக்குது இந்தக் காலத்துல.

அப்பறம் ஒரு வெள்ளிக்கெழமை விடியால வாசல் தெளிச்சுட்டு, மீந்த மஞ்சத் தண்ணியைக் கொண்டு போயி வேப்பமரத்தடியில ஊத்துனேன். அந்தா, தகரக் கூரைக்கு மேல கொப்பு தெரியுது பாருங்க, அந்த மரந்தான். எங்க வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல நின்னுட்டிருந்துச்சு. வேப்பமரத்துக்கு மஞ்சத் தண்ணி ஊத்தறது தப்புங்களா? ஊட்டுக்குள்ள மஞ்சத் துணி ஒண்ணு கெடந்துச்சு, அதை மரத்தைச் சுத்திக் கட்டுனேன். மில்லுல தேஞ்சு போன கல்லு ஒண்ணு, வட்டக் கல்லு, நடுவுல ஓட்டையோட, செவுத்தோரமாச் சாத்திக் கெடந்துச்சு. கால்ல இடிச்சுக்கிட்டே இருக்குதுன்னு அதை உருட்டிக்கிட்டுப் போயி மரத்துல சாத்துனேன். கையில குங்குமம் இருந்துச்சு. வெச்சேன்.

மில்லுத் தொறக்க வந்த ஊட்டுக்காரர் கல்லைப் பாத்தார், என்னையப் பாத்தார். வேண்டாம்னார். அவ்வளவுதாங்க. ஏன் வேண்டாம், வேற என்ன பண்ணலாம், ஒண்ணுஞ் சொல்ல மாட்டார். வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, இழுத்துப் போட்டுச் செய்யறதுக்கு ஒரு ஆளு. எங்கூட்டுல எப்பவும் அப்படித்தான்.

அன்னைக்கு அளக்கற தம்பி வந்துச்சு. கண்ணாடி போட்டுக்கிட்டு, மூணு காலு மெசினைத் தோள்ல வெச்சுக்கிட்டு. பூட்ஸுக் காலோட நேரா மரத்தடிக்குப் போச்சு. நான் வாசல்ல நின்னுட்டு இருந்தேன்.

"தம்பி, செருப்பைக் கழட்டீட்டுப் போங்க."

இதைத்தாங்க சொன்னேன். இது மட்டுந்தான். அம்மன்னு சொல்லலை. சாமின்னு சொல்லலை. கூட்டித் தெளிச்ச எடத்துல பூட்ஸோட மிதிக்குதேன்னு சொன்னேன். அந்தத் தம்பி மஞ்சத் துணியைப் பாத்துச்சு, கல்லைப் பாத்துச்சு. பூட்ஸைக் கழட்டுச்சு, சாக்ஸைக் கழட்டுச்சு, தள்ளி நின்னு கன்னத்துல போட்டுக்குச்சு. அப்பறம் மெசினை மடக்கித் தூக்கிக்கிட்டு வந்த வழியே போயிருச்சு. நான் என்ன பண்ண முடியும், அதோட அம்மா அப்பா அப்படி வளத்திருக்காங்க.

மத்தியானம் குப்புராஜ் வந்துட்டார். இங்க அம்மன் இருக்கறதை மண்டபத்துல ஏன் சொல்லலீங்க அக்கான்னு கேக்கறார். அவரு தெனமும் பால் வாங்கப் போறது அந்த மரத்தைத் தாண்டித்தான். முந்தாநேத்துக் கூட அங்க நின்னு பேப்பர்க்காரன் கூடச் சண்டை போட்டார். இது எத்தனை நாளா இருக்குதுங்கன்னார். எங்க மாமியார் காலத்துலருந்து இருக்குதுங்கன்னேன். பொய் இல்லீங்க அம்மிணி, கல்லு அந்தக் காலத்துக் கல்லுதான், அவங்க கையால கம்பு போட்டு அரைச்ச கல்லு. அவரு பெட்டிசன்ல தலைமுறை தலைமுறையாய் அருள்பாலித்து வரும் அம்மன்னு எழுதிட்டார். அது அவரு எழுதுனது. நான் கையெழுத்துத்தான் போட்டேன்.

ஸ்டேசனு ரத்தாயிருச்சுங்க. ஸ்டேசனு மட்டுமில்ல, லைனையே வளைச்சு, பின்னாடி பள்ளத்துத் தோட்டம் வழியாக் கொண்டு போயிட்டாங்க. வளைச்சதுல செலவு இன்னுங் கூடிப் போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சாமா. குப்புராஜ் அதையுஞ் சத்தமாப் படிச்சுக் காட்டி, பாத்தீங்களா சக்தியைன்னார். சைபரு போட்ட போர்டு அவரு மாடிப்படிக்குக் கீழ போயிருச்சு.

பள்ளத்துத் தோட்டத்துல யாரு இருந்தாங்கன்னா கேக்கறீங்க? இருந்தாங்க, கொஞ்சம் சாளைக, குடிசைக. அந்தப் பொம்பளைக எங்க மில்லுக்குத்தான் அரைக்க வருவாங்க. எங்கயோ அக்கட்டால ஊடு கட்டிக் குடுத்து அனுப்பீட்டாங்களாமா. நல்ல ஊடாத்தான் இருக்கும், கவர்மெண்டு ஊடு. ஆனா பாருங்க, வருசக்கணக்கா அரைச்சுக் குடுத்திருக்கறேன், போறப்ப ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போயிட்டாங்க. அது எனக்கு மனசுக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு.

அந்த ஆடியில கூழு ஊத்துனோம். ரயிலையே வளைச்சு உட்ட சாமியாச்சேன்னு அடுத்த தெரு, அதுக்கடுத்த தெருன்னு வந்தாங்க. யாரு வெச்ச பேரோ தெரியலை, ரயில் மறிச்ச அம்மன்னு ஆயிப்போச்சு. நான் வெக்கலீங்க. அப்பறம் ரோடு அகலம் பண்றாங்கன்னு ஒரு ஆளு வந்து வேண்டிக்கிட்டுப் போனான், அவனூடு தப்பிச்சுருச்சு. அப்பறம் பாலத்துக்கு எடம் போகுதுன்னு ஒரு குடும்பமே வந்துச்சு, அவங்களுது தப்பிக்கலை, ஆனா நல்ல வெலை கெடைச்சுதுன்னு வந்து பொங்க வெச்சாங்க. எப்படி ஆனாலும் பேரு அதுக்குத்தான். தகரக் கூரை வந்துச்சு, உண்டியலு வந்துச்சு, கொழா ஸ்பீக்கரு வந்துச்சு. கல்லு நடுவுல இருந்த ஓட்டையில எலுமிச்சம்பழம் கச்சிதமா உக்காரும். அது அம்மனோட வாயின்னு பூசாரி சொல்லிட்டார். இப்ப மேல வெள்ளி மொகம் மாட்டியாச்சு.

மொதல்ல எங்களுக்கும் ஏவாரந்தாங்க. வர்றவங்க அப்படியே மல்லி மொளகா அரைச்சுக்கிட்டுப் போனாங்க. அப்பறந்தான் ஆரம்பிச்சுது. மொளகா அரைக்கறப்ப காத்து அந்தப் பக்கம் அடிச்சா வரிசையே ஒட்டுக்காத் தும்முது. பூசாரி மந்திரஞ் சொல்ல முடியாம இருமறார். வெள்ளிக்கெழமை மட்டும் மொளகா வேண்டாமுங்க அக்கான்னு குப்புராஜ் வந்து சொன்னார். அவருதான் இப்ப கோயில் கமிட்டித் தலைவர். சரின்னோம். அப்பறம் செவ்வாக்கெழமையும். அப்பறம் அமாவாசை, பௌர்ணமி. ஆடி மாசம் பூராவும் வேண்டாம், மெசினு சத்தத்துல உடுக்கை கேக்க மாட்டேங்குதுன்னாங்க. மார்கழியில விடியால பூசை, அப்ப அரைக்காதீங்கன்னாங்க. மொளகா மில்லுக்குச் சித்திரை வெய்யில்ல காஞ்ச மொளகா வந்தாத்தான் வருசம் ஓடும். சித்திரையில திருவிழா வெச்சுட்டாங்க. என்னைக்கு அரைக்கலாம்னு காலண்டரைப் பாத்து அரைக்கற மில்லுக்கு எவன் வருவான்? ஒருத்தரும் வர்றதில்லை. ஷட்டரை எறக்கீட்டோம். செருப்பு வெக்கறதுக்கு எடம் நல்லா இருக்குதுன்னு கமிட்டியில சந்தோசப்பட்டாங்க.

ரயிலு எடுத்திருந்தா நஷ்ட ஈடுன்னு ஒண்ணாவது வந்திருக்கும். எரியற கொள்ளியில எந்தக் கொள்ளி நல்ல கொள்ளின்னு பாக்கறது. இப்ப எங்கூட்டுக்காரர் ரெண்டு பஸ்ஸு மாறி, வேறொருத்தர் மில்லுல கூலிக்கு அரைக்கப் போறார். இந்த வயசுல. சாயந்தரம் தலையெல்லாம் வெள்ளையா அடுத்தவன் மில்லு மாவோட வந்து நிக்கறாருங்க. பழைய பழக்கத்துல வந்ததும் இந்த ஷட்டரைத் தொறக்கப் போவார். அப்பறம் செருப்பைப் பாத்துட்டு உள்ள போயிருவார். கூறுகெட்ட மனுசன். ஒரு வார்த்தை என்னையத் திட்டுனாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறும். திட்ட மாட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமேன்னு பாக்கறீங்க. சொன்னேனுங்க. நாச்சிமுத்துப் பூசாரிகிட்டத் தனியாப் போயி, அது மில்லுக்கல்லுங்க பூசாரி, நாந்தான் உருட்டிக்கிட்டு வந்தேன்னு சொன்னேன். அவரு வெத்தலையைத் துப்பீட்டுச் சிரிக்கறார்.

"எல்லா அம்மனும் கல்லுதானுங்க அக்கா. உங்களை உருட்டச் சொன்னது யாருன்னு நெனைக்கறீங்க?"

அவரு அதைக் கூட்டத்துல வேற சொல்லிட்டார். அம்மன் கனவுல வந்து சொல்லி, ராசாமணி அக்கா உருட்டிக்கிட்டு வந்தாங்கன்னு. அன்னைக்கு நாலு பொம்பளைக என்ற கால்ல உழுந்தாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு.

சரி, தொலையட்டும், மில்லுதானே போச்சு, ஊடு இருக்குதேன்னு இருந்தோம். எங்கூட்டுச் செவுத்தைப் பாத்தீங்களா, அந்தப் பேனருக்குப் பின்னாடி? பேனரைத் தூக்கிப் பாருங்க. தெரியுதுங்களா? புது நம்பரு. போன மாசம் போட்டது.

ஆமாங்க, டிராமுதான். ஆடி வெள்ளிக்கு வர்ற கூட்டத்தைப் பாத்துட்டு, கோயிலுக்குன்னு ஒரு கிளை லைனு உடறாங்களாமா. ஸ்டேசனு இங்கயே. பேரு கூட வெச்சாச்சு, ரயில் மறிச்ச அம்மன் கோயில் நிறுத்தம். மறிச்ச எடத்துலயே வந்து நிக்குமாமா ரயிலு. சிரிப்பு வருதுங்களா? எனக்கும் மொத நாளு வந்துச்சு. அப்பறம் வரைபடத்தைக் காட்டுனாங்க. சாமியைத் தொட முடியாதாமுங்க. அதனால கோயிலை உட்டுட்டு, எங்கூட்டைப் பூராவும் எடுக்கறாங்க. மில்லு, படுக்கற ரூமு, சமையக்கட்டு, அத்தனையும்.

மறுபடி மண்டபத்துல கூட்டம் வெச்சாங்க. ஸ்டேசனு வேணும்னு பெட்டிசன் எழுதுனது யாருன்னு நெனைக்கறீங்க? குப்புராஜேதான். அதே கையெழுத்து. செலவைப் பத்தி ஒருத்தரும் பேசலை. வேண்டாமுங்கன்னு நான் ஒருத்திதான் எந்திரிச்சேன். திரும்பிப் பாத்தா, தெருவே என்னைய ஒரு மாதிரி பாக்குது. குப்புராஜ் மைக்கை வாங்கிக்கிட்டு, ஊருக்காகற காரியத்துக்குக் குறுக்க நிக்காதீங்க அக்கா, இந்த அம்மனே உங்களைத் தேடி வந்தவதானேன்னார். எல்லாரும் கை தட்டுனாங்க. உக்காந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து சொன்னேன். சோத்துல கை வெச்சிருந்தார். அப்பறம் சொல்றார், எனக்குத் தெரிஞ்சு அவரு எங்கிட்டச் சேந்தாப்பல இத்தனை பேசுனது அன்னைக்குத்தான்.

"வெச்சது நீதானே. நீயே போயிக் கேளு. எம்மில்லைத்தான் எடுத்துக்கிட்ட, படுக்கற எடத்தையாவது உடுன்னு கேளு."

போனேனுங்க. செருப்புக்கு இன்னொருத்தரை உக்கார வெச்சுட்டு, நானும் காசு குடுத்து எலுமிச்சம்பழம் வாங்கி, சனத்தோட சனமா வரிசையில நின்னேன். முன்னாடி போயிரலாம் அக்கான்னு உட்டாங்க, நான் போகலை. கிட்டப் போயி நின்னா, வெள்ளி மொகமும் மாலையும் தீபமுந்தான் தெரியுது. பின்னாடி இருக்கறவங்க நெருக்கறாங்க. ஊட்டை உட்ருன்னு மட்டும் சொன்னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அடுத்த வாரம் வந்து, மழையில கலைஞ்சிருந்த நம்பரு மேல திரும்பவும் பெயிண்ட் அடிச்சுட்டுப் போனாங்க. மறுக்காவும் போனேன். மூணாவது வாட்டியும் போனேன். இப்ப ஆளுங்க வந்து வாசல்ல குழி வேற எடுத்துப் பாத்துட்டுப் போயிருக்காங்க.

அந்தா, மணியடிக்குது. திரையெடுத்துட்டாங்க, எந்திரிங்க. நோட்டீசை நாலா மடிச்சு மரத்துல கட்டோணும், கயிறு அங்கயே தருவாங்க. பயப்படாதீங்க, உங்க சமையக்கட்டு ஒண்ணும் ஆகாது, நல்லாச் சொல்லிக் கேளுங்க.

ஒரு ஒத்தாசைங்க அம்மிணி. உங்களுதைச் சொல்லி முடிச்சதும், அப்படியே எங்கூட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லீருங்க. மில்லுக்காரர் ஊடுன்னு சொன்னாப் போதும். நான் சொன்னா அவ கேக்க மாட்டேங்கறா. என்னையத்தான் அவளுக்கு நல்லாத் தெரியுமே.